உதவித்தொகை பார்ப்பது உங்கள் பழைய கணக்கை

விலைவாசி, வீட்டுச் செலவு, அரசு உதவி பற்றி வந்த வாசகர் கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். கணக்குகளில் வரும் 100, 1,000 எல்லாவற்றையும் எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் வீட்டு பில் எதுவும் குறையவில்லையே?

குறைந்தது விலை ஏறுகிற வேகம்தான், விலை இல்லை. 100 கொடுத்து வாங்கிய பொருள் முதல் ஆண்டு 8% ஏறினால் 108. அடுத்த ஆண்டு 3% ஏறினால் 111.24. செய்தியில் “குறைந்தது” என்று வந்த ஆண்டிலும் நீங்கள் கூடுதலாக 3.24 கொடுத்திருக்கிறீர்கள்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2022 செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8%. அடுத்த செப்டம்பரில் 1.3%. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021இல் 100 ஆக இருந்த செலவு 2022இல் 169.8, 2023இல் 172. சம்பளம் அந்த 172ஐ எட்டிப் பிடிக்கும்வரை அந்த வீட்டில் நெருக்கடி தீராது. ஆகவே ‘பணவீக்கம் எவ்வளவு’ என்பதோடு, ‘நெருக்கடி தொடங்கியபோது இருந்த விலையைவிட இப்போது எவ்வளவு மேலே’ என்றும் பாருங்கள். சம்பள உயர்வு பேசப் போகும்போதும் இந்த இரண்டாவது எண்தான் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: அரசு 7% என்கிறது. எங்கள் வீட்டில் அதைவிடக் கூடுதலாகத்தான் படுகிறது. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். விலைக் குறியீட்டெண் என்பது ஒரு கூடை. நாடு முழுவதும் குடும்பங்களின் செலவை விசாரித்து, சராசரியாக உணவுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று ‘எடை’ போடுவார்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலான நாடுகளில் அந்த எடை, மொத்தச் செலவுத் தொகையை வைத்துப் போடப்படுகிறது. பத்து மடங்கு செலவு செய்யும் வீட்டின் பழக்கம் கூடையில் பத்து மடங்கு பதிவாகிறது. கூடை வசதியானவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

வருமானம் குறையக் குறைய, செலவில் உணவின் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857லேயே காட்டிவிட்டார். உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும் காலத்தில் ஏழை வீட்டின் பணவீக்கம் சராசரியைத் தாண்டிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓராண்டில் உணவு 12%, வாடகை 5%, போக்குவரத்து 8%, மின்சாரமும் எரிபொருளும் 10%, மற்றவை 3% ஏறியதாக வைத்துக்கொள்வோம். கூடையில் இவற்றின் பங்கு வரிசையாக 30, 25, 12, 6, 27 என்றால் மொத்தப் பணவீக்கம் 7.2%. செலவில் பாதி உணவுக்கே போகும் வீட்டில் அதே பங்குகள் 50, 20, 10, 8, 12 என்று இருக்கும். அங்கே அதே விலைகள் கிட்டத்தட்ட 9% ஆகின்றன. உணவுக்கு 15 மட்டுமே செலவிடும் வீட்டில் பங்குகள் 15, 30, 12, 4, 39 என்றால் 5.8%தான்.

உங்கள் வீட்டு எண்ணை நீங்களே எடுக்கலாம். கடைசி மூன்று மாதச் செலவை மேலே சொன்ன ஐந்து தலைப்பில் பிரியுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீடு போல ஆண்டுக்கு ஒருமுறை வருவதை நான்கால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் தவணையைச் சேர்க்காதீர்கள், அது விலை இல்லை. ஒவ்வொரு தலைப்பிலும் அதிகம் வாங்கும் நாலைந்து பொருளுக்குப் போன ஆண்டு இதே மாத விலையையும் இப்போதைய விலையையும் எழுதி, ஏறிய சதவீதத்தைச் செலவுப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் தீர்ந்தது.

தவறு நடப்பது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். விலைக்குப் பதிலாக பில் தொகையை ஒப்பிட்டுவிடுவார்கள். வீட்டுக்கு ஆள் கூடியிருந்தால் பில் ஏறும், அது பணவீக்கம் இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு: மலிவான பிராண்டுக்கு மாறிவிட்ட வீட்டில் பில் அப்படியே நிற்கும், விலை ஏறியது கண்ணுக்குப் படாது. அதே பொருள், அதே அளவு, அதே மாதம் என்று ஒப்பிட வேண்டும்.

கேள்வி: விலை மாறவில்லை, பாக்கெட்தான் இளைத்திருக்கிறது. 1 கிலோ இருந்தது 900 கிராம். இது 10% உயர்வுதானே?

இல்லை, 11.1%. அளவு குறைந்த சதவீதத்தைவிட விலை உயர்ந்த சதவீதம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். 1 கிலோ 750 கிராம் ஆனால் உயர்வு 33%. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் பெரிய கடைகள் இப்படி இளைத்த பொருள்களுக்கு அருகே இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அப்படி விதி இல்லாத இடத்தில் கிராம் விலையைப் பார்த்து வாங்குவதுதான் வழி. பெரிய பாக்கெட்தான் மலிவு என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

கேள்வி: ஓய்வூதியத்தை விலைவாசிக்கேற்ப உயர்த்துகிறார்கள். ஆனாலும் எப்போதும் ஒரு அடி பின்னாலேயே இருப்பது போலத் தெரிகிறது. பிரமையா?

பிரமை இல்லை. அளக்கும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே உள்ள தூரம் அது.

அமெரிக்க சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான விலைக் குறியீட்டை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டு, வரும் சதவீதத்தை ஜனவரியிலிருந்து கொடுக்கிறார்கள். 2022க்கு இப்படிக் கிடைத்த உயர்வு 5.9%. அந்த ஆண்டு ஜூனில் பணவீக்கம் 9.1% தொட்டது. ஈடாக 8.7% உயர்வு வந்தது 2023இல். இடைப்பட்ட மாதங்களை முதியவர்கள் சேமிப்பிலோ கடனிலோதான் ஓட்டியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதியோர் ஓய்வூதியத்தை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 20, செப்டம்பர் 20 தேதிகளில் திருத்துகிறார்கள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர் அகவிலைப்படி ஜனவரி, ஜூலை என இருமுறை கணக்கிடப்படுகிறது. அறிவிப்பு பல வாரம் கழித்து வந்து, நிலுவையாகக் கையில் கிடைக்கும். பெல்ஜியத்தில் முறையே வேறு: குறியீட்டெண் ஒரு வரம்பைத் தாண்டியதும் அரசு ஊழியர் சம்பளமும் உதவித்தொகைகளும் 2% உயரும். அங்கே தனியார் துறையில் ஆண்டுக்கொருமுறை திருத்தும் அலுவலர் பிரிவு ஒன்றுக்கு 2023 ஜனவரியில் ஒரேயடியாக 11.08% கிடைத்தது. அதுவரை காத்திருந்ததற்கான பாக்கி அது.

இந்தத் தாமதத்தின் விலை என்ன? விலைகள் மாதம் 1% ஏறுகின்றன, சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகச் சரிசெய்யப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஓராண்டில் நீங்கள் இழப்பது சுமார் 19 நாள் சம்பளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தினால் இழப்பு 9 நாளாகக் குறையும். உயர்வு சதவீதம் இரண்டிலும் ஒன்றுதான். தொழிற்சங்கமோ ஓய்வூதியர் சங்கமோ பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சதவீதத்தை மட்டும் பிடித்துத் தொங்குவதைப் பார்க்கிறோம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் கேட்க வேண்டும்.

கேள்வி: விலையைக் கட்டுப்படுத்துவதா, பொருளாகத் தருவதா, பணமாகத் தருவதா? குடும்பத்துக்கு எது நல்லது?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் ஒழுகும். எங்கே ஒழுகும் என்று தெரிந்துகொண்டால், உங்கள் ஊர் அரசு எதை அறிவித்தாலும் அதற்கேற்ப நடந்துகொள்ளலாம்.

விலைக் கட்டுப்பாடு உடனே பலன் தரும், விண்ணப்பமே வேண்டாம். ஹங்கேரி 2022 பிப்ரவரியில் சர்க்கரை, மாவு, சமையல் எண்ணெய், பால் உள்ளிட்ட சில பொருள்களின் விலையை 2021 அக்டோபர் அளவில் நிறுத்தியது. அந்தப் பொருள்களில் ஏற்பட்ட நட்டத்தை மற்ற பொருள்களின் தலையில் ஏற்றும் உந்துதல் கடைக்காரர்களுக்கு வந்தது. ஆளுக்கு இவ்வளவுதான் என்ற அளவுக் கட்டுப்பாடும் கூடவே வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அங்கே உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்தைத் தாண்டியது. 2023 ஜூலை இறுதியோடு கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்படி ஒரு காலத்தில் கட்டுப்பாட்டு விலைப் பொருளை வாங்கப் போய், மற்றதையும் அதே கடையில் அள்ளி வருவதுதான் நட்டம்.

வரிக் குறைப்பிலும் விண்ணப்பம் இல்லை. போலந்து 2022 பிப்ரவரியிலும் ஸ்பெயின் 2023 ஜனவரியிலும் அடிப்படை உணவுப் பொருள்களுக்கு மதிப்புக்கூட்டு வரியைப் பூஜ்யமாக்கின. ஆனால் அதிகம் வாங்குபவருக்குத்தான் அதிக வரி மிச்சம். குறைத்த வரியைத் திரும்பப் போடும் மாதத்தில் விலை ஒரே நாளில் துள்ளும் என்பதையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும்.

பொருளாகத் தருவதன் பெரிய பலம், விலை எவ்வளவு ஏறினாலும் ஐந்து கிலோ ஐந்து கிலோதான். இந்தியாவின் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், மிக வறிய குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ என்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அது இலவசம். பலவீனம் வேறு இடத்தில்: எத்தனை பேருக்கு என்ற கணக்கு 2011 மக்கள்தொகையை வைத்துப் போடப்பட்டது. அப்போது பிறக்காத குழந்தைக்கும், பிறகு தனிக்குடித்தனம் போனவர்களுக்கும் இடம் கிடைப்பது, ஏற்கனவே உள்ள ஒதுக்கீட்டுக்குள் யாராவது விலகுவதைப் பொறுத்தது.

பணம் வந்தால் உங்கள் தேவைக்குச் செலவிடலாம். அதன் எதிரி பணவீக்கம். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி மானியங்களை வெட்டிவிட்டு, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அது கணிசமான தொகை. பிறகு பத்தாண்டுக்கும் மேலாகத் தொகை அப்படியே இருக்க, விலைகள் மட்டும் பல மடங்கு ஏறின. ஆகவே பண உதவி அறிவித்தால் ‘எவ்வளவு’ என்று கேட்ட கையோடு ‘ஆண்டுதோறும் உயருமா’ என்றும் கேளுங்கள்.

எங்களைக் கேட்டால், சமீப காலத்தில் நன்றாக யோசித்துச் செய்த திட்டம் ஜெர்மனியின் 2023 எரிவாயு விலைத் தடுப்பு. வீட்டின் முந்தைய ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு 12 சென்ட் என்று விலை நிர்ணயித்தார்கள். ஆண்டுக்கு 10,000 யூனிட் எரித்த வீடு என்றால் 8,000க்குச் சலுகை. அதற்கு மேல் எரித்தால் முழுச் சந்தை விலை. சிக்கனமாக இருந்து 7,000இல் முடித்தாலும் 8,000க்கான சலுகைத் தொகை குறையாது. உதவியும் கிடைத்தது, மிச்சம் பிடித்தவருக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு விலையும் மிஞ்சியது.

அதற்குச் சில மாதம் முன்பு பிரிட்டனில் வந்த திட்டத்தை ‘வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 பவுண்ட் உச்சவரம்பு’ என்று பலர் புரிந்துகொண்டார்கள். உண்மையில் கட்டுப்பட்டது யூனிட் விலை மட்டும். 2,500 என்பது சராசரி வீட்டுக்கான உத்தேசம். அதை நம்பி ஹீட்டரைத் தாராளமாக ஓட்டியவருக்கு அதற்கு மேலும் பில் வரும்.

கேள்வி: எல்லாத் தகுதியும் இருந்தும் என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். காரணம் கேட்டால் ‘சிஸ்டத்தில் வரவில்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ‘சிஸ்டம்’ என்பது காரணம் இல்லை. எந்த நிபந்தனை, எந்தத் தேதியின் தகவல்படி பொருந்தவில்லை என்று இரண்டும் வேண்டும். அநேக நிராகரிப்புகளின் முடிச்சு அந்த இரண்டாவதில் இருக்கிறது. அரசு உங்களை இன்றைய நிலையில் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு தேதியில் எடுத்த படத்தில் பார்க்கிறது.

பிரிட்டன் 2022இல் வறியவர்களுக்கு 650 பவுண்ட் உதவி அறிவித்தது மே 26ஆம் தேதி. முதல் தவணையான 326 பவுண்டுக்குத் தகுதிபெற, மே 25உடன் முடியும் ஒரு மாத காலத்துக்குள் குறிப்பிட்ட உதவித்தொகைகளில் ஒன்றுக்கு உரியவராக இருந்திருக்க வேண்டும். அறிவிப்பைக் கேட்டு ஓடிப்போய்ப் பதிந்தவர்களுக்கு முதல் தவணை இல்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டில் 13 சம்பளம். ஏதோ ஒரு மாதத்துக்குள் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் வருமானம் இரட்டிப்பாகத் தெரிந்து உதவித்தொகை பூஜ்யமாகக்கூடும். அந்த மாதமே தகுதி பார்க்கும் மாதமாக அமைந்துவிட்டால் சிறப்பு உதவியும் போச்சு. ஆண்டு வருமானம் ஒரு காசு கூடியிருக்காது.

கனடாவில் குழந்தை உதவித்தொகை ஜூலை முதல் ஜூன் வரை ஓடும். அளவுகோல் முந்தைய ஆண்டின் வருமானவரிப் படிவம். வருமானமே இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ‘எனக்குத்தான் வருமானம் இல்லையே’ என்று விட்டுவிட்டால் ஜூலையில் பணம் நின்றுவிடும். பிரேசிலில் குடும்ப உதவிக்கான பொதுப் பதிவேட்டை இரண்டாண்டுக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வீட்டில் மாற்றம் நடந்தால் உடனேயே.

ஆகவே நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபாருங்கள்.

பெயர் அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பதிவேட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? முன்னெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்தால்கூடக் கணினி இரண்டு ஆளாக எண்ணும். திருத்துவதானால் அடையாள அட்டையை முதலில் திருத்துங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் திருத்துவார்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் இரண்டுமுறை அலைந்து திருத்த நேரிடும்.

‘குடும்பம்’ என்று அந்தத் திட்டம் யாரைச் சொல்கிறது? ஒரே கூரையா, ஒரே அடுப்பா, ஒரே அட்டையா? சம்பாதிக்கும் மகன் தனியாகப் போய் இரண்டு வருடம் ஆகியும் பதிவேட்டில் இருந்தால், அவர் சம்பளமும் உங்கள் வருமானமாகவே எண்ணப்படும்.

வருமானம் எந்தக் காலத்தினுடையது? போன ஆண்டு வேலை இருந்தது, இப்போது இல்லை என்றால் ‘சூழ்நிலை மாற்றம்’ என்ற பெயரில் மறுமதிப்பீடு கேட்கப் பல திட்டங்களில் வழி உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். பணிநீக்கக் கடிதம், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் இணையுங்கள்.

அனுமதியாகியும் பணம் வரவில்லை என்றால் சிக்கல் வங்கியில் இருக்கலாம். நெடுநாள் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போகக்கூடும். அலுவலகத்தில் ‘வரவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் அனுப்பிய தேதியும் பரிவர்த்தனை எண்ணும் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் வங்கியில் நின்று பயனில்லை.

மேல்முறையீட்டுக் கெடு, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா, கடிதத்தில் போட்ட தேதியிலிருந்தா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடிதத் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணம் ஏதும் பாக்கி இருந்தாலும் முறையீட்டைக் கெடுவுக்குள் போட்டு, ‘ஆவணம் பின்னால் வரும்’ என்று எழுதிவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கூடுதல் வேலை கிடைக்கிறது. போனால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் உதவி படிப்படியாகக் குறையும் வகையா, வரம்பைத் தாண்டினால் மொத்தமும் நிற்கும் வகையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் என்ற மாத உதவித்தொகை முதல் வகை. 2021 இறுதியிலிருந்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவி 55 பென்ஸ் குறையும். 45 பென்ஸ் கையில் நிற்கும். அமெரிக்க உணவு உதவியில் நிகர வருமானம் 100 கூடினால் உதவி 30 குறையும். சம்பளத்தில் 20% முதலில் கழித்துவிடுவதால், வேறு கழிவுகளைச் சேர்க்காமல் பார்த்தால், 100 சம்பாதித்தால் 24தான் குறையும். இத்தகைய இடத்தில் வேலைக்குப் போகலாம். போக்குவரத்துச் செலவையும் குழந்தைப் பராமரிப்பையும் மட்டும் கழித்துப் பாருங்கள்.

வரம்பு வகை ஆபத்தானது. ஆண்டு வருமான வரம்பு 1,00,000, உதவி 12,000 என்று வையுங்கள். 99,000 சம்பாதிக்கும் வீட்டில் மொத்தம் 1,11,000. அதே வீடு 1,02,000 சம்பாதித்தால் மொத்தம் 1,02,000. 3,000 கூடுதலாக உழைத்து 9,000 இழப்பு. வரம்பைத் தாண்டுவதானால் குறைந்தது 1,12,000 வரை தாண்ட வேண்டும், அல்லது தாண்டவே கூடாது. இதோடு, அந்த உதவிக்கான அட்டையைக் காட்டித்தான் மருத்துவக் காப்பீடு, கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது என்றால் அவற்றையும் 12,000த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். வருமானத்தை மறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். பின்னால் தெரிந்தால் கொடுத்ததையெல்லாம் திரும்பக் கேட்பார்கள், அதுவும் நீங்கள் செலவழித்து முடித்த பிறகு.

கேள்வி: ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கிறோம். பில் தனித்தனியாக இருந்தால் குறையுமா?

யூனிட் கூடக்கூட விலை ஏறும் அடுக்குக் கட்டணம் என்றால் கட்டாயம் குறையும். முதல் 100 யூனிட் 2 வீதம், அடுத்த 100 யூனிட் 5, அதற்கு மேல் 8 என்று ஒரு கட்டணத்தை வைத்துக்கொள்வோம். தலா 150 யூனிட் எரிக்கும் இரண்டு வீடுகளுக்குத் தனி மீட்டர் இருந்தால் 450 வீதம் மொத்தம் 900. ஒரே மீட்டரில் 300 யூனிட் ஓடினால் 1,500. வித்தியாசமான 600ஐ இரு வீடும் பில் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தனி மீட்டருக்கு ஆகும் செலவை இந்த வித்தியாசத்தால் வகுத்தால் எத்தனை பில்லில் மீளும் என்று தெரிந்துவிடும். நிலைக் கட்டணம் இரண்டாவதாக ஒன்று சேரும், அதைக் கழிக்க மறக்க வேண்டாம்.

ரீடிங் எடுத்த நாள்களையும் எண்ணுங்கள். 60 நாளுக்கான அடுக்கில் 68 நாள் கழித்து ரீடிங் எடுத்தால், எட்டு நாள் யூனிட் மேல் அடுக்கில் போய் விழும். அடுக்கின் அளவை நாளுக்கேற்ப நீட்டித்து பில்லைத் திருத்தித் தரும்படி எழுதிக் கேளுங்கள். மீட்டரைப் படிக்காமல் உத்தேசமாகப் போட்ட பில் என்றால், அன்றைய மீட்டரைத் தேதி தெரியப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எல்லா பில்லையும் கட்டப் பணம் இல்லை. எதை முதலில் கட்டுவது? கார்டு கம்பெனிக்காரர்தான் தினமும் போன் செய்கிறார்.

அதிகம் போன் செய்பவருக்கு முதலில் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கட்டாவிட்டால் என்ன போகும் என்று பாருங்கள். வீடு போகுமா, மின்சாரம், தண்ணீர் நிற்குமா, பிழைப்புக்கான வண்டி போகுமா, மருந்து நிற்குமா? இவைதான் முன்வரிசை. கார்டு பாக்கி போல எதையும் அடகு வைக்காமல் வாங்கிய ஈடில்லாக் கடன் அதற்குப் பின். மருந்தைப் பாதியாக்குவதும் மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடுவதும் அந்த மாதம் சிக்கனமாகத் தெரியும், அடுத்த ஆண்டு பெரிய கடனாக வந்து நிற்கும்.

கார்டு பாக்கியைச் சும்மா விடவும் கூடாது. மாதம் 3% வட்டியில் 1,000 பாக்கி இருந்தால், மாதம் 40 கட்டினால் தீர 47 மாதம், மொத்தம் சுமார் 1,880 கட்டியிருப்பீர்கள். மாதம் 60 கட்டினால் 24 மாதத்துக்குள், சுமார் 1,400இல் தீரும். உள்ளூரில் மாதம் 5% வட்டிக்கு வாங்கிய கடன், வட்டியும் கட்டாமல் வட்டிக்கு வட்டி போட்டால், ஆண்டுக்கு கிட்டத்தட்ட 80% ஆகும். முன்வரிசை பில்கள் போக மிஞ்சுவதை அங்கே செலுத்துங்கள்.

கெடு தேதிக்கு முன்பே போய்த் தவணை மாற்றம் கேட்பவருக்கும், தவறிய பிறகு கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. வாயால் பேசியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் கடனாளிக்கு 60 நாள் மூச்சுவிடும் அவகாசம் சட்டப்படி உண்டு. அந்த நாள்களில் தகுதியுள்ள கடன்களுக்கு வட்டி, அபராதம், வசூல் நடவடிக்கை எதுவும் கூடாது. ஆனால் நடப்பு வாடகையும் மின்சார பில்லும் அப்போதும் கட்டியாக வேண்டும். உங்கள் நாட்டில் இப்படி ஏதும் இருக்கிறதா என்று இலவசக் கடன் ஆலோசனை மையத்தில் கேளுங்கள். கட்டணம் கேட்கும் ‘கடன் தீர்க்கும்’ நிறுவனத்துக்குப் போனால் அதுவும் ஒரு கடன்.

கேள்வி: ‘சிறப்பு உதவித்தொகை பெற இங்கே அழுத்தவும்’ என்று செய்தி வருகிறது. நிஜமா?

அழுத்தாதீர்கள். உதவி அறிவித்த வாரத்திலேயே இத்தகைய செய்திகளும் கிளம்பும். விண்ணப்பக் கட்டணம், ஓடிபி, கார்டின் பின்னால் உள்ள மூன்று எண், இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் போலி. திட்டத்தின் பெயரை அரசு இணையதளத்தில் நீங்களே தேடிப் போய், அங்கே உள்ள எண்ணில் விசாரியுங்கள். ஏற்கனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். புகார் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு.